இடிந்த வீடு என்ன விலைக்குப் போகும்?

சித்தூரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் முதலில் கூப்பிடுவது கொத்தனாரை. ஓடு மாற்ற எவ்வளவு ஆகும், விரிசலை அடைத்து ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் இரண்டு லட்சம் கூட வருமா என்று கணக்குப் போடுகிறார்கள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ காரில் வந்து, லாட்ஜில் தங்கி, பெயின்ட் கடையில் பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. அடுத்த மாதம் இடத்தைப் பார்க்க வரும் புரோக்கர் அந்தப் புதுப் பெயின்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று தெருவின் அகலத்தைக் காலடியால் அளக்கிறார். கொல்லைப்பக்கம் போய், பின் தெருவுக்கு வழி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்: “வீட்டுக்கு ரேட்டு இல்லக்கா, ஸ்தலத்துக்குத்தான் ரேட்டு. லிங்க் டாகுமென்ட்டு எல்லாம் இருக்குதா?”

அவர் கேட்பது சரியான கேள்வி. சித்தூரிலும் திருப்பதியிலும் பாழடைந்த வீட்டின் விலையைச் சுவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. விலையை உடைப்பது காகிதம். கொத்தனாருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை வக்கீலுக்கும் சர்வேயருக்கும் கொடுத்திருந்தால் பல வீடுகள் எப்போதோ விற்றுப் போயிருக்கும்.

காகிதச் சிக்கல் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இந்தப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது. சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1-ல். அதுவரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தபோது மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும் எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரையும் முடிந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நமக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு வட்டாரம் சித்தூருக்குப் போனது. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானபோது சத்தியவேடு மறுபடியும் கை மாறி அதில் சேர்ந்தது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் ஆவணங்கள் இருக்கும் அலுவலகங்கள்தான் இடம் மாறிக்கொண்டே இருந்தன.

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் தமிழில் இருக்கும். அப்பா காலத்துப் பாகப்பிரிவினை தெலுங்கில். வாங்குகிறவர் வங்கிக் கடனுக்குப் போனால், வங்கியின் வக்கீல் முதல் பத்திரத்தை மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொல்வார். ஆந்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று 1983-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன்னால் நடந்ததற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்ல வேண்டும். அங்கே நகல் எடுத்துத் தருகிறவர்களிடம் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்தால், அநேகமாக ஓய்வு பெற்ற ஒரு பத்திர எழுத்தர் பெயரைச் சொல்வார்கள். அவர் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கிராமகண்டம். நம் பக்கத்தில் நத்தம் என்கிறோமே, அதுதான். பழைய குடியிருப்புப் பகுதி. தனித்தனிப் பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்த இடம். நகரி, கார்வேட்டிநகரம் பக்கத்துப் பழைய தெருக்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. இவற்றுக்கு அனுபவமே ஆதாரம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, கதவு எண், பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தில் எல்லையாக உங்கள் தாத்தாவின் பெயர் வருவது ஆகியவைதான் சாட்சி. இதனால்தான், ‘எப்படியும் இடிக்கப் போகிறார்கள், நாமே இடித்துச் சுத்தமாகக் கொடுத்துவிடலாம்’ என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. வீடு நிற்கும்வரை அது நீங்கள் குடியிருந்ததற்குச் சாட்சி சொல்லும். தரைமட்டமாக்கிவிட்டால் கதவு எண் போகும், மீட்டர் போகும், வீட்டு வரி போய்க் காலி மனை வரி வரும், அடுத்த மழைக்குள் பக்கத்துச் சுவர் ஓர் அடி நகர்ந்து வந்திருக்கும்.

இடிக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் வருமான வரி. வீட்டை வீடாகவே விற்று, வேறு வீடு வாங்கினால், விற்பனையில் கிடைத்த லாபத்தை மட்டும் புது வீட்டில் போட்டால் போதும். மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்கு உண்டு. அதையே இடித்துவிட்டுக் காலி மனையாக விற்றால் கணக்கு மாறிவிடும். முழு விலக்கு வேண்டுமென்றால் லாபத்தை மட்டுமல்ல, விற்ற தொகை மொத்தத்தையும் புது வீட்டில் போட வேண்டும்; கையில் வேறு எத்தனை வீடு இருக்கிறது என்ற கேள்வியும் வரும். ஜேசிபிக்காரருக்கு இது தெரியாது. ஆடிட்டருக்குத் தெரியும், ஆனால் அவரிடம் போவதோ எல்லாம் முடிந்த பிறகு.

வாரிசுகள் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான பூர்வீக வீடுகள் விற்காமல் இடிந்துகொண்டிருப்பதற்குக் காரணம் வாங்க ஆளில்லாதது அல்ல. கையெழுத்துப் போட ஆள் சேராததுதான். கட்டியவர் உயில் எழுதாமல் போய்விடுவார். மூன்று பிள்ளைகள், இரண்டு பெண்கள். அவர்களில் இருவர் காலமாகி அடுத்த தலைமுறை வந்திருக்கும். ஒருவர் டல்லாஸில், ஒருவர் ஆவடியில், ஒருவர் அதே வீட்டின் முன்பகுதியில் குடியிருந்துகொண்டு ‘நான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டேன், எனக்கு ஒரு பங்கு கூட வேண்டும்’ என்கிறார்.

இதில் இந்தப் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் பெண்களின் பங்கு. ‘கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு’ என்று தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் சட்டத்தில் எடுபடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் இல்லை என்றால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்களுக்குப் பிறப்புரிமை கொடுப்பதில் ஆந்திரா தமிழ்நாட்டை முந்திக்கொண்டது. என்.டி.ராமாராவ் ஆட்சியில் வந்த திருத்தம் 1985 செப்டம்பர் 5 முதல் அமலானது. அந்தத் தேதியில் திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டில் இது 1989-ல்தான் வந்தது. 2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டுத் திருமணமானவர், ஆகாதவர் என்ற பேதம் போயிற்று. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை. ஆகவே சித்தூர் வீட்டை விற்கும்போது வேலூரில் இருக்கும் அத்தையின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை, விவரம் தெரிந்த யாரும் கையால் தொடமாட்டார்கள்.

அந்த அத்தை மறுத்தால்? சம்மதித்த மற்றவர்கள் தங்கள் பங்கை மட்டும் விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கூட்டுக்குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அந்நியர் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது என்று சொத்துரிமை மாற்றச் சட்டம் சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கைக் குடும்பத்தாரே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறது 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம். இத்தனை தலைவலியையும் தெரிந்தே ஒருவர் பங்கு வாங்க வருகிறார் என்றால், அவர் கொடுக்கப்போகும் விலை எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். டல்லாஸ்காரர் பவர் பத்திரம் அனுப்பினால் அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அவர் வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்குக்கு வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய டிடிஎஸ்ஸும் வேறு. உள்ளூர்க்காரர்களுக்கு ஐம்பது லட்சம் தாண்டினால் ஒரு சதவீதம்தானே என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடித்துவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்து நிற்கிறவர்கள் உண்டு.

திருப்பதியில் இதற்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டியது 22-ஏ பட்டியல். பதிவுச் சட்டத்தின் அந்தப் பிரிவின் கீழ் அரசு நிலம், ஒப்படைப்பு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் எல்லாம் தடை செய்யப்பட்ட சொத்துகளாகப் பட்டியலில் ஏறும். ஏறியதை யாரும் பதிவு செய்ய முடியாது. திருப்பதி பிறந்ததே கோயிலைச் சுற்றித்தான். ராமானுஜர் 1130 பிப்ரவரி 24-ல் கோவிந்தராஜர் சந்நிதியை நிறுவியதாகச் சொல்லி, சில ஆண்டுகளாக அந்த நாளை ஊரின் பிறந்தநாளாகவே கொண்டாடுகிறார்கள். அந்த மாடவீதிகள்தான் ஊரின் ஆதிக் குடியிருப்பு. 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை நிர்வகித்தது ஹாதிராம்ஜி மடம். மடத்து நிலம் ஊரைச் சுற்றி நிறைய இருந்தது. அதில் பல இடங்கள் பின்னாளில் வீடுகளாகவும் காலனிகளாகவும் ஆகிவிட்டன; உரிமைத் தகராறு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கைக்குக் கை மாறிய பத்திரம், ஒழுங்காகக் கட்டிய வரி, மாடிக்கு அனுமதி எல்லாம் இருந்தும், சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தால் தடைப் பட்டியலில் நிற்கலாம். இதை அட்வான்ஸ் வாங்கிய பிறகு கண்டுபிடிப்பதைவிடச் சங்கடமான காரியம் வேறில்லை. சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுத்துறை தளத்தில் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

சரி, வீட்டைப் பார்ப்போம்.

இந்த ஊர்களின் பழைய வீடுகளில் மூன்று தினுசு உண்டு. நாட்டு ஓடு வேய்ந்தவை, கல் பாவிய கூரை கொண்டவை, மெட்ராஸ் டெரஸ் போட்டவை. மெட்ராஸ் டெரஸ் என்பது, தேக்கு உத்தரங்களின் மேல் நெருக்கமாகச் சட்டங்கள் வைத்து, மெல்லிய சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் பாவிய தளம். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் சாய்ந்த வரிசைகள் தெரியும். ஒழுகும் மெட்ராஸ் டெரஸில் முதலில் சாவது உத்தரத்தின் நடுப்பகுதி அல்ல. சுவருக்குள் புதைந்த முனை. சுவரில் ஏறும் ஓதம் அந்த முனையில் தேங்கி மரத்தை மக்க வைக்கும். வெளியே இருக்கும் பன்னிரண்டு அடியும் இரும்பாக இருக்கும், உள்ளே இருக்கும் ஆறு அங்குலம் விரலால் நோண்டினால் உதிரும். அனுபவப்பட்ட மேஸ்திரி சுவரை ஒட்டிய இடத்தில் கத்தி முனையால் குத்திப் பார்ப்பார். பிறகு கைப்பிடியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் மரம், மொத்தென்றால் கரையான் தின்றுவிட்டுப்போன கூடு.

இப்படி ஒரு வீட்டை வீட்டுக்காரர் பார்த்தால் குப்பை. இடிப்பு கான்ட்ராக்டர் பார்த்தால் சரக்கு. அவர் உத்தரங்களை எண்ணுகிறார், நிலைகளை அளக்கிறார், கல்தூணின் அடியைத் துடைத்து ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். முனையில் மக்கிய உத்தரத்தை இரண்டு பக்கமும் ஓர் அடி அறுத்துவிட்டால் மிச்சம் முழுக்க நல்ல தேக்கு, பல பத்தாண்டுகள் காய்ந்தது. அதனால் இந்த மாதிரி வீடுகளை இடிக்க நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அவர்தான் நமக்குக் கொடுப்பார். வேடிக்கை என்னவென்றால், 1980-களில் கட்டிய காங்கிரீட் வீட்டுக்கு இது நடக்காது. கூரையில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தொங்கும் அந்த வீட்டில், கம்பியைத் தவிர எடுக்க ஒன்றும் கிடையாது. பேரன் கட்டிய வீட்டைவிடத் தாத்தா கட்டிய வீட்டின் எலும்புக்கு விலை அதிகம். செட்டிநாட்டுக் கதவுகளும் தூண்களும் காரைக்குடிக் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்று அந்த ஊர்க்காரர்களுக்கு இன்று நன்றாகத் தெரியும். சித்தூர்க்காரர்கள் இன்னும் ‘எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இடத்தைக் காலி பண்ணிக் கொடுப்பா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு விலையில்லை, மண்ணுக்கு மட்டும் விலை என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஜப்பானில் மர வீடுகளின் மதிப்பு இருபது முப்பது வருடங்களில் பூஜ்யமாகிவிடுவதாகவே சந்தை கருதுகிறது. 2023 கணக்கெடுப்பில் அங்கே காலியாகக் கிடந்த வீடுகள் 90 லட்சம். இத்தாலியில் சிசிலியின் சம்புகா மாதிரி ஊர்கள் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவிலிருந்து ஏலம் விட்டன. வாங்குகிறவர் குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அங்கே ஊரே காலியாகிற இடங்களில் மண்ணுக்கும் விலையில்லை. திருப்பதியில் ஊர் நிரம்பி வழிகிறது. மாடவீதிக்குப் பக்கத்தில் கூரை இறங்கிய வீடு என்றால் லாட்ஜ் கட்டுகிறவர் ஓடி வருவார். ஆகவே இங்கே பாழ் என்பது ஏழ்மையின் அடையாளமாக இருக்கவேண்டியதில்லை. பல இடங்களில், குடும்பம் ஒன்றுகூடிப் பேசாததன் அடையாளம் அது.

குறைகளைச் சொல்வதா, மறைப்பதா? புரோக்கர்கள் ‘நாமா எதுக்கு சொல்லணும், அவங்க பாத்துக்குவாங்க’ என்பார்கள். 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதில் தெளிவாகப் பேசுகிறது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிகிற குறையை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கூரை இறங்கியிருப்பதும் சுவர் பிளந்திருப்பதும் கண்ணுள்ளவர்க்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்து, அவர் கண்ணுக்குத் தெரியாத பெரிய குறை என்றால் சொல்லியே தீர வேண்டும். சொத்திலும் சரி, உரிமையிலும் சரி. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிகிறது. வெறும் மௌனம் ஒன்று. விரிசலைப் பட்டி போட்டு மூடுவது இன்னொன்று. இரண்டாவது, ஒப்பந்தச் சட்டத்தின்படி செயலால் மறைப்பது. பூர்வீக வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பண விரயம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

அதே பிரிவு வாங்குகிறவர் மேலும் ஒரு கடமையை வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. விற்பவருடைய உரிமையின் தன்மையோ அளவோ பற்றி அவருக்கே தெரியாத, மதிப்பை உயர்த்தும் விஷயம் வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியாக வேண்டும். பக்கத்துச் சந்தும் உங்கள் தாத்தா பத்திரத்தில் அடக்கம் என்று நகல் எடுத்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் பேரம் பேச வருகிறவர் அந்த வகை.

கண்ணுக்குத் தெரியாத குறை என்றால் இந்த ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர். 2021 நவம்பரில் பெய்த மழையில் சேஷாசல மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் திருப்பதித் தெருக்களில் ஓடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வெள்ளம் வடிந்த பிறகு எம்.ஆர்.பள்ளி பக்கத்து ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டில், சிமென்ட் உறைகளால் கட்டிய தண்ணீர்த் தொட்டி, பெண் ஒருவர் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே பல அடி மேலே எழும்பி வந்தது. சாமி குற்றம் என்று சிலர் கும்பிட்டார்கள். நிலத்தடி நீர் நிரம்பியிருக்கும்போது உள்ளே இருந்த தண்ணீரை இறைத்துக் காலி செய்ததால், பாரம் குறைந்த தொட்டியை மண்ணுக்குள் இருந்த நீரழுத்தம் மேலே தள்ளியது என்பதுதான் விஷயம். ஏரி, குட்டை இருந்த இடங்களில் கட்டிய தெருக்கள் திருப்பதியில் குறைவில்லை. சித்தூரில் நீவா நதி ஓரத்து வீடுகளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. அந்த நீவாதான் நம் பக்கம் பொன்னையாறு. உங்கள் வீட்டுக்குள் எந்த வருடம் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது, கழிவுநீர்க் குழாய் யார் வீட்டு அடியில் போகிறது, பழைய கிணற்றை மூடி அதன்மேல் எந்த அறை கட்டினீர்கள் என்பதையெல்லாம் வாய்மொழியாகச் சொல்லாமல் அக்ரிமென்டிலேயே எழுதிவிடலாம். எழுதினால் விலை குறையும் என்று பயப்படுகிறார்கள். வாங்குகிறவர் எப்படியும் இடித்துக் கட்டப்போகிறவர். மூடிய கிணறு இருக்கும் இடம் தெரிந்தால் அஸ்திவாரத்தை மாற்றிப் போட்டுக்கொள்வார். பிறகு தோண்டும்போது தெரிந்தால்தான் வக்கீல் நோட்டீஸ்.

யார் வாங்குவார்கள்? வங்கி, கூரை இறங்கிய வீட்டுக்குக் கடன் தரத் தயங்கும்; கட்டடத்தின் மிச்ச ஆயுளை மதிப்பீட்டாளர் கேட்பார். அதனால் மாதச் சம்பளக்காரர் இந்தச் சந்தைக்குள் வருவது அபூர்வம். கையில் பணம் இருப்பவர், பில்டர், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர். இவர்களில் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் நான் முதலில் சொல்வேன். பழைய தெருக்களின் மனைகள் முகப்பில் குறுகி, பின்னால் நீண்டு கிடக்கும். பதினைந்து அடி, இருபது அடி அகலத்தில் இரண்டு பக்கமும் இடம் விட்டுக் கட்டினால் மிஞ்சுவது நடைபாதைதான். அதையே பக்கத்து மனையோடு சேர்த்தால் நாற்பது அடி முகப்பு. அப்போதுதான் அந்த இடத்துக்கு உண்மையான விலை. பொதுச்சுவர் வழக்கும் அதோடு தீரும். என்ன செய்வது, தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள்.

பில்டர் என்றால் அவர் பார்ப்பது தெருவின் அகலம். எத்தனை மாடி போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மாஸ்டர் பிளானில் தெரு விரிவாக்கம் இருந்தால் முகப்பில் சில அடி போய்விடும். திருப்பதியில் சமீப ஆண்டுகளில் இப்படிச் சாலைக்கு விட்ட இடங்களுக்குப் பணத்துக்குப் பதில், வேறிடத்தில் கூடுதலாகக் கட்ட உரிமை தரும் டி.டி.ஆர். பத்திரம் கொடுத்தார்கள், அது அரசியல் சர்ச்சையாகவும் வெடித்தது. விற்பதற்கு முன் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாஸ்து பார்க்காமல் இங்கே யாரும் வாங்கமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருக்குத்து உள்ள மனை என்றால் விலை இறங்கும். ஆடியும் மார்கழியும் போதாதென்று தெலுங்குப் பஞ்சாங்கம் சுபகாரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் மூடமும் சேர்ந்துகொள்ளும். அந்த வாரங்களில் பேரம் தூங்கிவிடும். அதற்காக ஆதங்கப்பட்டு விலையைக் குறைக்க வேண்டியதில்லை.

பேரத்தில் ஏமாறும் இன்னொரு இடம் அளவு. திருப்பதியில் மனையை அங்கணத்தில் பேசுவார்கள். அங்கே ஓர் அங்கணம் 36 சதுர அடி. அதே அங்கணம் நெல்லூரில் 72 சதுர அடி. இருபது அடிக்குத் தொண்ணூறு அடி மனை திருப்பதிக் கணக்கில் 50 அங்கணம், நெல்லூர்க் கணக்கில் 25. சென்னையில் கிரவுண்டும் சதுர அடியும் பேசிப் பழகியவர், நெல்லூர்ச் சொந்தக்காரர் சொன்ன அங்கண விலையை மனதில் வைத்துக்கொண்டு தலையாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர அடியில் பேசுங்கள், சதுர அடியிலேயே எழுதுங்கள். அதற்கு முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் இருபது என்று இருக்கும். சுவருக்குச் சுவர் அளந்தால் பத்தொன்பது வரும். நாலு எல்லையைச் சொல்லும் சக்குபந்தியில் வடக்கே இன்னார் வீடு என்று எழுதியிருப்பார்கள், அந்த இன்னார் போய் நாற்பது வருடம் ஆகியிருக்கும்.

ஆந்திராவில் பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 5, மாற்று வரி 1.5, பதிவுக் கட்டணம் 1 என மொத்தம் 7.5 சதவீதம். வழக்கப்படி வாங்குகிறவர் தலையில். கட்டடத்தின் வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பார்கள் என்பதால் பழைய வீட்டில் அதன் சுமை பெரும்பாலும் மண்ணின் மதிப்பில்தான் வரும். விற்பவர் கவனிக்க வேண்டியது வேறு. அரசு மதிப்பு நீங்கள் விற்கும் விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால், வருமான வரித் துறை அரசு மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். வீட்டின் நிலைமை, வழக்கு, குடியிருப்பவர் என்று விலை குறைந்ததற்குக் காரணம் இருந்தால், துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. ஆகவே இடிந்து கிடக்கும் வீட்டை விற்பதற்கு முன் தேதி போட்டுப் படமெடுத்து வைத்திருங்கள். பதிவு செய்த மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கையும் வாங்குங்கள். அதே அறிக்கையில் 2001 ஏப்ரல் 1-ல் இந்தச் சொத்தின் மதிப்பு என்ன என்பதையும் எழுதி வாங்கிவிட்டால், தாத்தா எத்தனை ரூபாய்க்கு வாங்கினார் என்று தேடி அலைய வேண்டாம். அன்றைய அரசு மதிப்பைத் தாண்டாதவரை அதையே அடக்க விலையாகக் காட்டலாம். கறுப்பில் பாதி, வெள்ளையில் பாதி என்று வருகிறவரிடம் ஜாக்கிரதை. வீட்டு விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைநீட்டி வாங்குவதே சட்டப்படி தவறு, அபராதம் வாங்கியவருக்கு.

கடைசியாக மரம். அட்வான்ஸுக்கும் பதிவுக்கும் நடுவில் மூன்று மாதம் இருக்கும். அந்த இடைவெளியில்தான் யாருக்காவது பாட்டியின் ஞாபகம் வரும். கஜலட்சுமி செதுக்கிய வாசல் நிலையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று லாரி வந்து நிற்கும். வாங்குகிறவர் அதற்குள் இடிப்பு கான்ட்ராக்டரிடம் அந்த நிலைக்கும் சேர்த்து விலை பேசியிருப்பார். சட்டம் அவர் பக்கம். வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், நிரந்தரமாகப் பொருத்தியவை எல்லாம் வீட்டோடு போகும் என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் எட்டாவது பிரிவு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வேண்டும் என்றால், எந்த நிலை, எந்தக் கதவு, எத்தனை தூண், எந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்வோம் என்று அக்ரிமென்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கும் முன்னால் கேட்டால் இனாம். வாங்கிய பிறகு கேட்டால் அதற்கும் புரோக்கர் ஒரு ரேட்டு சொல்வார்.